சுவரையும் கேட்க வேண்டிய கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு, ஒரு காலத்தில் என்னிடம் மின்பொறியியல் பயின்று, இப்போது பெரிய கட்டடங்களுக்கு மின்சாரத் திட்டம் வகுத்துக் கொடுத்துவரும் மாணவர் ஒருவர், மாலை வேளைகளில் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து உட்காருவது வழக்கம். சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள் அவர் திரையைத் திறந்தபோது, அதில் ஒரு நீண்ட சதுரத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக வர்ணங்கள் வளையம் வளையமாகப் படர்ந்து கிடந்தன. காபி கொண்டுவந்த என் மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மறுபடியும் புயலா?" என்று கேட்டாள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்ட நாளிலிருந்து, வர்ணச் சுழி எதைக் கண்டாலும் கடலூர்க்காரர்களுக்கு முதலில் வானிலைப் படம்தான் நினைவுக்கு வரும்.

"புயல் இல்லைம்மா, வகுப்பறை. சிதம்பரத்துக்குப் பக்கத்துல ஒரு காலேஜ். விளக்கைப் போட்டா மேஜை மேல எந்த இடத்துல எவ்வளவு வெளிச்சம் விழும்னு காட்டுது."

"விளக்கெல்லாம் மாட்டியாச்சா?"

"இன்னும் மேல்தளமே போடலைம்மா."

இல்லாத கூரையில் மாட்டாத விளக்கு, வராத மாணவனின் புத்தகத்தின்மீது எவ்வளவு பிரகாசத்தைச் சிந்தும் என்று முன்கூட்டியே சொல்லும் இந்த வித்தையை ஏதோ நாகரிக ஆடம்பரம் என்று எண்ணிவிடுவதற்கில்லை. நம் வீட்டில் ஓர் அறைக்கு விளக்கு வேண்டுமென்றால், எலெக்ட்ரீஷியன் உள்ளே வந்து நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு ட்யூப் போதும் சார்" என்பார். போதாவிட்டால் மறுவாரம் மூன்றாவதை மாட்டிக் காரியத்தை முடிப்பார். நாற்பது அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஏனெனில், கம்பி ஓடும் பைப்புகள் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கம்பிக்கட்டோடு கம்பிக்கட்டாகத் தளத்துக்குள் புதைக்கப்பட்டுவிடுகின்றன. விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்பது சுவர் எழும்பும்போதே தீர்மானமாகிவிட வேண்டும். ஓர் அறையில் செய்த பிழை நாற்பது அறைகளிலும் நாற்பது பிழைகளாக நிலைத்து நிற்கும்.

கணக்கைப் பற்றிப் பேசுமுன் அளவைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கு மொத்தமாகக் கொட்டும் ஒளியை லூமன் என்ற அளவால் குறிக்கிறோம். அந்த ஒளி ஒரு பரப்பின்மீது எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பதைக் குறிப்பது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். மழைக்கு ஒப்பிட்டால், வானம் பெய்த மொத்த நீர் லூமன், என் வீட்டு முற்றத்தில் தேங்கிய உயரம் லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்த காகிதத்தின்மீது சுமார் ஒரு லக்ஸ் விழும். பௌர்ணமி நிலவில் அதில் கால் பங்குக்கு மேல் கிடைப்பது அரிது. உச்சி வெயிலிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை விழும். இத்தனை பெரிய வித்தியாசத்தையும் பெரிதாக உணராமல் நிலவிலும் வெயிலிலும் நடந்துபோகிற கண்தான், முப்பது பேர் உட்காரும் வகுப்பறையில் இருநூறுக்கும் முந்நூறுக்கும் உள்ள பேதத்தைத் தலைவலியாகவும் கொட்டாவியாகவும் காட்டிக்கொடுக்கிறது.

நம் நாட்டில் இதற்கு விதி வகுத்திருப்பது இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் ஐ.எஸ். 3646 என்ற நூல். அது 1992-ல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைச் சொல்லாமல் மூன்று எண்களைச் சொல்லுகிறது: பொது வகுப்பறைக்கு 200, 300, 500, நடைகூடத்துக்கு 50, 100, 150. சாதாரண நிலைமையில் நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை நுணுக்கமானதாயிருந்தாலோ, வேலை செய்கிறவரின் பார்வைத் திறன் குறைவாயிருந்தாலோ மேலேயுள்ள எண்ணுக்குப் போக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை எழுதிய புண்ணியவானை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வதுண்டு. அறுபது வயதுக்காரனின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரனுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதை என் போன்றோர் தினமும் பத்திரிகையை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

ஒளியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த பெருமை பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இருவருக்கு உரியது. பிரான்சு தேசத்து பூகேர், ஒளியை அளக்க யந்திரம் எதுவும் இல்லாத அக்காலத்தில், மெழுகுவர்த்திகளையும் தம் கண்ணையும் மட்டுமே துணையாகக் கொண்டு, சூரியப் பிரகாசம் முழுநிலவைப்போல் சுமார் மூன்று லட்சம் மடங்கு என்று மதிப்பிட்டார். 1760-ல் லாம்பர்ட் என்ற அறிஞர் எழுதிய நூல், ஒளி ஒரு பரப்பின்மீது சாய்ந்து விழுந்தால் எந்த விகிதத்தில் குறையும் என்ற விதியைத் தந்தது. அந்த விதியையும், தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்ற விதியையும் சேர்த்துப் பார்த்தால், மேஜைக்கு நேர் மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கி அங்கே 250 லக்ஸ் தரும் ஒரு விளக்கு, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து மேஜைக்கு, எல்லாத் திசைகளிலும் ஒரே செறிவோடு ஒளிர்ந்தாலும், 88 லக்ஸுக்குமேல் கொடுக்காது என்று தெரியும். கடைசி வரிசை மாணவன் தூங்குவதற்கு ஆசிரியரின் குரல் மட்டுமே காரணமென்று இனிச் சொல்ல வேண்டாம்.

எனினும் ஒரு விளக்கு ஒரு மேஜை என்பது எளிய கணக்கு. விளக்குகள் பலவாகி, சுவரும் கூரையும் தரையும் சேர்ந்துகொண்டால் கை ஓய்ந்துவிடும். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாரிசன், ஆண்டர்சன் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், ஒரு சோதனை அறையை அமைத்து, கூரை, சுவர்களின் நிறத்தையும் அறையின் அளவையும் மாற்றி மாற்றி அளந்து, விளக்கு கொட்டும் ஒளியில் எத்தனை பங்கு மேஜைக்கு வந்து சேருகிறது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். அந்த அட்டவணையின் வம்சத்தைச் சேர்ந்த காகிதங்களையும் ஒரு ஸ்லைடு ரூலையும் வைத்துக்கொண்டுதான் என் தலைமுறை மாணவர்கள் பரீட்சை எழுதினோம். 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் பொறியியல் சொல்லிக்கொடுக்கப்பட்டு வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதியதல்ல.

மாணவர் காட்டிய அறையையே எடுத்துக்கொள்வோம். நீளம் 9 மீட்டர், அகலம் 6 மீட்டர். பரப்பு 54 சதுர மீட்டர். வேண்டிய வெளிச்சம் 300 லக்ஸ். ஆகவே மேஜை மட்டத்தில் வந்து சேர வேண்டியது 16,200 லூமன். ஆனால் விளக்கு கொட்டுவதெல்லாம் மேஜைக்கு வராது. சுவரும் கூரையும் தின்றது போக நூற்றில் அறுபது வரும் என்று அட்டவணை சொல்லுகிறது. வந்ததும் அப்படியே நிலைக்காது. விளக்கின் முதுமையும் அதன்மேல் படியும் தூசியும் சேர்ந்து நாளடைவில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடும். இவ்விரண்டுக்கும் ஈடு கட்டினால் 33,750 லூமன் வேண்டும். 36 வாட்டில் 3,600 லூமன் தரும் எல்.இ.டி. ஃபிட்டிங் என்றால் கணக்கு ஒன்பதும் சொச்சமும் என்று வருகிறது. பத்து விளக்குகளை ஓர் அறையில் அழகாக அடுக்க முடியாது, பன்னிரண்டு வீண்செலவு, சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது என்று முடிவு செய்தார்கள். 54 சதுர மீட்டருக்கு 324 வாட், அதாவது சதுர மீட்டருக்கு 6 வாட். இதே அறைக்குப் பழைய 40 வாட் ட்யூப் லைட்டைப் போட்டிருந்தால் பதினாலு வேண்டும். சோக்கு தின்பதையும் சேர்த்து 700 வாட்டுக்கு மேல் போயிருக்கும். 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி பள்ளிகளுக்கு அனுமதித்த உச்ச வரம்பே சதுர மீட்டருக்கு 12.9 வாட்தான் என்பதைப் பார்த்தால், பழைய ட்யூபுகள் அந்த வரம்பிலேயே தட்டி நின்றிருக்கும் என்பது விளங்கும்.

இவ்வளவும் கையால் போடக்கூடியதே. பின் மென்பொருள் எதற்கு என்று கேட்டால், கைக்கணக்கு சராசரியை மட்டுமே சொல்லும் என்பதுதான் விடை. சராசரி 300 என்று சொல்லிவிட்டு, நடுமேஜையில் 450-ம் மூலைமேஜையில் 140-ம் வைத்திருக்கிற அறை கணக்கில் தேறிவிடும். அந்த மூலையில் உட்காருகிறவன் தேறமாட்டான். அறைக்குள் தூண் வந்தாலோ, கூரை சாய்ந்தாலோ, புத்தக அலமாரிகள் வரிசையாக நின்றாலோ அட்டவணை வாயடைத்துப் போகும்.

யந்திரம் இதை எப்படிச் செய்கிறது? ஒவ்வொரு விளக்கையும் அதன் உற்பத்தியாளர் இருட்டறையில் ஒரு கருவியில் பொருத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, எந்தக் கோணத்தில் எவ்வளவு செறிவோடு ஒளிர்கிறது என்று அளந்து, அந்த எண்களை ஐ.இ.எஸ். கோப்பு என்று வழங்கும் ஒரு கோப்பில் பதிந்து கொடுக்கிறார். அது அந்த விளக்கின் ஜாதகம். பிறகு அறையின் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் மென்பொருள் சின்னஞ்சிறு கட்டங்களாக நறுக்குகிறது. நம் அறை 3.3 மீட்டர் உயரமானால், கால் மீட்டர்க் கட்டமாக வெட்டினால் மூவாயிரத்து முந்நூறு கட்டங்கள் ஆகின்றன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒளியை அனுப்புகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு கோடிக்கு மேற்பட்ட உறவுகள். உலைச்சுவர்கள் ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கதிராகப் பரிமாறிக்கொள்வதைக் கணிக்க, நெய்வேலி அனல்மின் நிலையத்துக் கொதிகலன் போன்றவற்றைக் கட்டுகிற பொறியாளர்கள் கையாண்ட அதே கணிதத்தை, 1984-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் நால்வர் கணினிப் படத்துக்கு எடுத்தாண்டார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, கிரெக் வார்ட் என்பவர் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் எழுதிய ரேடியன்ஸ் என்ற மென்பொருள், வேறொரு வழியைப் பிடித்தது: கண்ணிலிருந்து கிளம்பி, ஒளிக் கிரணம் வந்த பாதையிலேயே பின்னோக்கி நடந்து விளக்கைத் தேடிப் போவது. இன்று நம் ஊர்க் காரியாலயங்களில் பெரும்பாலும் காணப்படுவது ஜெர்மனியிலிருந்து வரும் டயலக்ஸ். ஸ்விட்சர்லாந்தின் ரீலக்ஸும் உண்டு. டயலக்ஸின் அடிப்படைப் பதிப்பு இலவசம். அந்தத் தர்மத்தின் செலவை ஏற்பவர்கள் விளக்கு உற்பத்தியாளர்கள்; தங்கள் சரக்குகளின் ஜாதகங்கள் வடிவமைப்பாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே அவர்களுக்கு லாபம். இதில் தவறு ஒன்றுமில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்த ஒளிப் பரிமாற்றத்தில் சுவருக்கு இருக்கிற பங்கை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். தன்மேல் விழுந்ததில் சராசரியாகப் பாதியைத் திருப்பி அனுப்பும் அறை என்றால், விளக்கு தந்தது ஒரு பங்கு, முதல் பிரதிபலிப்பில் அரை, அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போக, மொத்தம் இரண்டு பங்காகிறது. அதாவது ஒன்று விளக்கு தருவது, இன்னொன்று அறை தருவது. அதே அறை நூற்றில் முப்பதைத்தான் திருப்பும் என்றால், கூட்டுத்தொகை ஒன்றே கால் அரைக்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடும். மின்சாரக் கட்டணம் கேட்காத விளக்கு சுவர்தான் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மென்பொருளில் ஒவ்வொரு புதிய அறையும் கூரைக்கு 70, சுவருக்கு 50, தரைக்கு 20 என்ற எண்களோடுதான் பெரும்பாலும் பிறக்கிறது. யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

யாரும் தொடாத எண்கள் இன்னும் உண்டு. அன்று திண்ணையில், ஜன்னல் வழியாகப் பகலில் வரும் வெளிச்சத்தையும் காட்டச் சொன்னேன். சித்திரை நண்பகலில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீண்டு கிடந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. "தம்பி, ஊர் எதுன்னு பாருங்க." பார்த்தார், எங்கள் கல்லூரி ஜெர்மனியில் ஏதோ ஒரு நகரத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்துக்குமேல் சுமார் 15 பாகை ஏறிவிட்டுக் களைத்துப் போகிறது. கடலூரில் அதே வேளையில் 55 பாகை ஏறுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலோ நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் மூடிக்கிடக்கும் மேகத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். பகல் வெளிச்சத்துக்கான நம் தர நூலோ, வெயில் நேரே படாத தெளிந்த வானத்திலிருந்து வெளியில் 8,000 லக்ஸ் கிடைப்பதாகக் கொண்டு, அதில் நூற்றுக்கு ஒன்று உள்ளே வந்தால் 80 லக்ஸ் என்று கணிக்கச் சொல்லுகிறது. ஊர்ப்பெயரை மாற்றியதும் வெயில் ஜன்னலை விட்டு வெளியேறி, சன்ஷேடின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மாணவர் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தார்.

சூரியனை இவ்வளவு துல்லியமாகக் கணித்துக் கட்டடத்துக்குள் கொண்டுவந்த காரியம் ஒன்று எங்களுக்கு வெகு தொலைவில் இல்லை. புதுச்சேரியைத் தாண்டி ஆரோவில்லில் இருக்கும் மாத்ரி மந்திரின் உள்ளறைக்கு வெயில் அடிக்கும் பகலில் விளக்கு வேண்டியதில்லை. உச்சியில் வைத்த கண்ணாடி, கணினியின் ஏவலால் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒற்றைக் கிரணத்தை நேர் கீழாக இறக்கி, நடுவில் வைத்த 70 சென்டிமீட்டர்க் கண்ணாடி உருண்டையின்மேல் விழச் செய்கிறது. 1971-ல் அடிக்கல் நாட்டி 2008-ல் நிறைவேறிய கட்டடம். அங்கே லக்ஸ் எத்தனை என்று கேட்கிற அசட்டுத்தனம் எனக்குக் கூட வரவில்லை.

கல்லூரிக் கட்டடம் ஐப்பசியில் முடிந்தது. விளக்குகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும், நானும் வந்தால் நல்லது என்று மாணவர் அழைத்ததன்பேரில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். சோதனையை இரவில்தான் செய்ய வேண்டும். பகல் வெளிச்சம் கலந்தால் அளவு பொய்யாகிவிடும். பொழுது சாயும்வரை நடராஜர் கோயிலில் இருக்கலாமென்று கீழைக் கோபுரத்து வழியாக உள்ளே போனோம்.

கண் கூசும் தெருவிலிருந்து கோபுரவாயிலின் நிழலுக்குள் நுழைந்து, மறுபடி திறந்த பிராகாரத்தில் சிறிது வெயிலைக் கண்டு, பிறகு தூண்கள் நிறைந்த சுற்றுமண்டபத்துக்குள் புகுந்து, படிப்படியாக மங்கிக்கொண்டே போகும் அந்தப் பாதையில் கால் நடக்க நடக்கக் கண்ணும் கூடவே நடக்கிறது. வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்த விழி முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். பொன்னம்பலத்தின் முன் வந்து நிற்பவன், வலம் வந்து வழியில் நின்று நின்று, அந்த அவகாசத்தில் பெரும்பங்கைத் தன்னையறியாமல் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறான். ஆகவே, மீட்டரில் சொற்பமாகவே விழக்கூடிய நெய்த்திரியும் கற்பூர தீபமும் அவனுக்குப் போதுமானதாகிவிடுகின்றன. நம் மென்பொருளிடம் இந்தச் சந்நிதியைக் கொடுத்தால் திரை முழுவதையும் கருநீலமாகப் பூசி, குறை என்று சொல்லும். லக்ஸ் மீட்டர் என் பையில்தான் இருந்தது. வெளியே எடுக்க மனம் வரவில்லை. சமீப காலத்தில் பல கோயில்களின் உள்மண்டபங்களில் வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி.க்களை மாட்டி, பல நூற்றாண்டு இருட்டை ஒரே ஸ்விட்சில் அழித்திருப்பதைப் பார்க்கும்போது, வெளிச்சம் பெருகினால் தரிசனமும் பெருகும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரவு ஏழரைக்குக் கல்லூரியில் அளக்க ஆரம்பித்தோம். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி. நீளவாட்டில் ஒன்பது, அகலவாட்டில் ஆறு, ஆக 54 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் முக்கால் மீட்டர் உயர ஸ்டூலை வைத்து, அதன்மேல் மீட்டரின் கண்ணை வைத்து, நம் நிழல் விழாதபடி ஒதுங்கிக் குனிந்து எண்ணைப் படிக்க வேண்டும். சராசரி 284 வந்தது.

நிர்வாகத்தைச் சேர்ந்தவர் முகம் மலர்ந்தார். "முந்நூறு கேட்டோம், பதினாறுதானே சார் குறைச்சல்? விட்டுடலாம்."

இந்த இடத்தில்தான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். முந்நூறு என்பது முதல்நாள் எண்ணல்ல. விளக்கு முதுமையடைந்து, தூசி படிந்த பிறகும் மிஞ்ச வேண்டிய எண். புத்தம்புது விளக்குகள் அன்று 360 காட்டியிருக்க வேண்டும். இன்று 284 காட்டுவது, ஐந்தில் ஒரு பங்கு கழிந்த பிறகு 227-ல் வந்து நிற்கும். அந்த ஐந்தில் ஒன்றுகூட, ஒழுங்காகத் துடைத்துப் பராமரிக்கிற அறைக்குத்தான். கடல்காற்றின் உப்பும் சாலைத் தூசியும் சேர்ந்து பிசுக்காகப் படிகிற எங்கள் கரையோரத்தில், ஆண்டுக்கொரு முறையாவது ஈரத்துணி காணாத ஃபிட்டிங், மூன்றில் ஒரு பங்கை இழந்தாலும் ஆச்சரியமில்லை. மழைக்காலத்து ஈசலைப் பற்றி எந்த ஜெர்மானிய மென்பொருளும் கேட்பதில்லை.

முதலில் நாங்கள் ஃபிட்டிங்கைத்தான் சந்தேகித்தோம். ஒரு கம்பெனியின் ஜாதகத்தை வைத்துக் கணக்கிட்டுவிட்டு, 'அதற்குச் சமமானது' என்ற ஒரு வார்த்தையின் மறைவில் வேறொரு மலிவுச் சரக்கை மாட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை என் அனுபவத்தில் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இங்கே அப்படியில்லை, விளக்குகள் ஒப்பந்தப்படியே இருந்தன. மாணவர்தான் திடீரென்று தலையை நிமிர்த்தி, "சார், சுவரைப் பாருங்க" என்றார்.

சுவர்கள் தரையிலிருந்து ஆறடி உயரம்வரை கரும்பச்சை எனாமல். மேலே தளத்துக்கு வெள்ளையே அடிக்கவில்லை. செண்ட்ரிங் பலகையின் தழும்போடு சிமெண்ட் நிறத்திலேயே இருந்தது. பெயிண்டிங் மேஸ்திரியைக் கேட்டோம்.

"பசங்க கால வச்சு அழுக்காக்குவாங்க, கறை தெரியக்கூடாதுன்னு சொன்னாங்க, அதான் பச்சை. தளத்துக்கு அடுத்த பட்ஜெட்டுல பாத்துக்கலாம்னுட்டாங்க."

மாணவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். சுவருக்கு 50 என்றிருந்ததை 20 ஆக்கினார். கூரைக்கு 70 என்றிருந்ததை 30 ஆக்கினார். மின்விசிறி சத்தத்துக்கு நடுவில் கணினி சற்று யோசித்தது. முதல்நாள் சராசரி 287 என்று சொல்லிற்று. மீட்டர் சொன்னது 284. நான் இத்தனை ஆண்டுகளில் கணக்கையும் காட்சியையும் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை. மென்பொருள் சித்திரையிலேயே உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தது. அதனிடம் யாரும் பச்சை எனாமலைப் பற்றிப் பேசவில்லை.

நிர்வாகி கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். அறைக்கு மூன்று விளக்கு கூட்டினால் நாற்பது அறைக்கு 120 விளக்கு. அவற்றின் விலை, புதிதாக வெளியே ஓட்ட வேண்டிய பைப், ஆண்டுதோறும் கூடும் மின்கட்டணம். மறுபுறத்தில் சுண்ணாம்பு நிற டிஸ்டெம்பரும் ஆள்கூலியும், ஒரே தடவை. அவர் இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தார். எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கீழே மூணடிக்காவது பச்சை இருக்கட்டும் சார், பசங்க கால்" என்றார். மூன்றடி வரைக்கும் விட்டுக்கொடுத்தோம். மேஜை மட்டத்துக்குக் கீழேயிருக்கும் சுவர் எப்படியும் மேஜைக்கு அதிகம் உதவுவதில்லை. பையன்களின் கால்களும் கவனிக்கப்பட வேண்டியவையே.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனோம். அன்று பிற்பகல் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. தளம் வெண்மையாகவும் சுவர் இளமஞ்சளாகவும் மாறியிருந்த அறையில், அதே ஒன்பது விளக்குகளின்கீழ், முதல் வரிசையில் 331, 346, 352 என்று எண்கள் ஏறிக்கொண்டு வந்தன. நான் படிக்க, மாணவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசை முடிகிற சமயத்தில் எங்கிருந்தோ ஓர் ஈசல் வந்து மீட்டரின் கண்ணில் உட்கார்ந்தது. அடுத்த நிமிஷத்தில் ஜன்னல் முழுதும் ஈசல். விளக்குக்கு விளக்கு மொய்த்து, இறகுகள் ஸ்டூலிலும் நோட்டிலும் எங்கள் தலையிலும் உதிரத் தொடங்கின. வாட்ச்மேன் ஓடிவந்து, "எல்லாத்தையும் அணைச்சுடுங்க சார், வாசல் விளக்குக்குப் போயிரும்" என்றார்.

அணைத்துவிட்டு, அந்த வெள்ளைத் தளத்தின்கீழ் இருட்டில் கால்மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வாசல் விளக்கைச் சுற்றி இறகுகளின் சலசலப்பு கேட்டது. பிறகு ஜன்னல்களைச் சாத்தி, ஸ்டூலைத் துடைத்துவிட்டு, நாலாவது வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.